திரைக்கு வெளியே ஒரு கால்

என் மாமனாரின் பெயரை நான் சொல்ல மாட்டேன். கோபதாபம் ஒன்றும் இல்லை. மருமகள்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான். பெயரை மட்டும் விட்டால் போதும் என்றால்கூடப் பரவாயில்லை, அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சேர்த்து விட வேண்டும். துளிச் சத்தமும் இல்லாமல் இருப்பதற்கு எங்கள் கசக்கு மொழியில் ஒரு சொல் உண்டு. அதன் வாலில் ‘பாய்’ என்று சேர்த்தால் என் மாமனார். நான் வேலை பார்ப்பதோ பாலர் பள்ளியில். மற்ற டீச்சர்கள் உதட்டில் விரல் வைத்து அந்த ஒரு சொல்லைச் சொன்னால் வகுப்பே அடங்கிவிடும். நான் மட்டும் “வாய்க்குப் பூட்டு, சாவி என் பையில்” என்று பாட்டுப் பாடிக்கொண்டிருப்பேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள், இன்றைக்குக் காற்றே இல்லை என்பதற்கு வாய் தவறி அந்தச் சொல்லைப் போட்டுவிட்டேன். என் மாமியார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். கரண்டியை வைத்ததோடு சரி. அவர் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. அந்தக் கரண்டிச் சத்தம் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

பெயர் வைத்தவர்கள் குழந்தை அழுவதற்கு முன்பே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. என் மாமனார் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் நாய் எழுந்து நிற்கும். போன வருஷம் ஆப்பிள் பறிக்கும் சமயத்தில் அந்தக் குரலால்தான் காலை உடைத்துக்கொண்டார். கடை வாசலில் குதிரைமேல் உட்கார்ந்தபடி முக்காஷோடு வாக்குவாதம். முக்காஷுக்கும் அவருக்கும் ஒரே வயது. எங்கள் ஊரில் ஒரே வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. குதிரைமேலிருந்தபடி ஆட்டுக்கிடாயைப் பறித்துக்கொண்டு ஓடுவார்களே, என்றைக்கோ நடந்த அப்படி ஒரு பந்தயத்தில் யார் குதிரை முன்னால் வந்தது என்பதுதான் பிரச்சினை. இவர் முக்காஷின் முகத்துக்கு நேரே கத்துவதற்காகச் சாய்ந்தார், சேணம் சரிந்தது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது.

“நின்னுக்கிட்டிருந்த குதிரையிலிருந்து விழுந்தவன் இந்த மாகாணத்துலயே நீ ஒருத்தன்தான்டா,” என்று முக்காஷ் அந்த வருஷக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட காலோடு இவரும் படுத்தபடியே பதில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கட்டைப் பிரித்தபோது எலும்பு சேரவில்லை.

மாகாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் லிகாய் என்று ஒரு கொரியப் பெண்மணி. ஒல்லியான ஆள், அளந்துதான் பேசுவார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். “பாருங்க. ரெண்டு துண்டும் பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கு. ஆனா பேச்சுவார்த்தை இல்ல.”

இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து, இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும் என்றார். மயக்க மருந்து டாக்டர் இதயத்தின் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “மயக்கம் குடுக்கிறது என் வேலை. எந்திரிப்பார்னு சொல்றது என்னால ஆகாது.”

அதற்குப் பிறகுதான் லிகாய் அலமாரியைத் திறந்து அந்த மெஷினை எடுத்தார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு ஒயர், அதன் முனையில் பொத்தான் மாதிரி ஒரு தலை.

“இதுல இருந்து சத்தம் போகும். காதுக்குக் கேக்காத சத்தம். உடைஞ்ச இடத்துல எலும்பை லேசா தட்டிக்கிட்டே இருக்கும், எந்திரி எந்திரின்னு. எல்லாருக்கும் பலிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஆளைக் கொல்லாது.”

தினமும் இருபது நிமிஷம். தோலில் பசை தடவி, குறி போட்ட இடத்தில் தலையை வைத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு விரல் தள்ளிப்போனாலும் வீண். என் முழங்கையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாமனாரின் காலில் குறி போடும்போது நான் வெளியே நின்றேன். மருமகள் அங்கே என்ன செய்வாள்? கோடை முடிவதற்குள் எலும்பு சேர ஆரம்பித்தால் நல்லது. இல்லையென்றால் ஆபரேஷன் மேசைதான், இதயம் எப்படி இருந்தாலும்.

எனக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரரின் சித்தப்பாமார் விருந்துக்கு வந்தார்கள். தட்டில் இறைச்சி ஆவி பறந்துகொண்டிருக்கும்போதே ஒருவர், பையனுக்கு வேறு இடம் பார்க்கலாமே என்று ஆரம்பித்தார். நான் கதவுக்குப் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மாமனார் கத்தியைக் கீழே வைத்தார். “என் சோத்தைத் தின்னுக்கிட்டே என் வீட்டுப் பொண்ணைப் பேசுறீங்களா? கையைக் கழுவுங்க. கிளம்புங்க,” என்றார். தெரு முழுக்கக் கேட்டது. விருந்தாளியைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி அனுப்பிய மனிதர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். அதைப் பற்றி அவரும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவரின் இதயத்தை மேசையில் வைத்துப் பார்க்க எனக்கு மனசில்லை.

ஆனால் அவருக்கு மானம் என்று ஒன்று இருந்ததே.

அவரால் இருபது நிமிஷம் குனிந்து பிடித்திருக்க முடியாது, வயிறு விடாது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், எல்லை தாண்டிப் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஊர் நர்ஸ் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். மிச்சம் இருந்தது நான்.

“மருமக முன்னால காலைத் தெறந்து போட்டுக்கிட்டு உக்காரணுமா? அதுக்கு என்னைப் புதைச்சிருங்க,” என்றார்.

என் வீட்டுக்காரர் போனில் கெஞ்சினார். “அப்பா, கால்தானேப்பா.”

“உனக்குக் கால். எனக்கு மரியாதை. வண்டியைப் பாத்து ஓட்டு.”

அன்று முக்காஷ் கன்மதம் கொண்டுவந்திருந்தார். மலைப்பாறையில் கசியும் அந்தக் கறுப்புப் பிசினைப் பாலில் கரைத்துக் குடித்தால் சேராத எலும்பே இல்லை என்பது அவர் கட்சி. சங்கதியைக் கேட்டு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அவ்வளவு வெக்கமா இருந்தா கல்யாணத் திரையைக் கட்டிக்கிட்டு உக்காரேன்டா. புதுப்பொண்ணு மாதிரி அம்சமா இருப்ப.”

இவர் தலையணையைத் தூக்கி அவர்மேல் எறிந்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் என் பெட்டியைத் திறந்து, புதுப்பெண்ணாக நான் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தச் சிவப்புத் திரையை எடுத்துவந்தேன். என் அம்மா தைத்தது. அவர் கட்டிலுக்கும் என் முக்காலிக்கும் நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். முக்காஷ் வாயைப் பிளந்தார்.

என் மாமனார் வெகு நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “குறியை நான் பாத்துக்கிறேன். காலை மட்டும் நீட்டுவேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கக் கூடாது,” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பள்ளியிலிருந்து வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, திரைக்கு இந்தப் பக்கம் உட்காருவேன். அந்தப் பக்கம், உடைந்த காலை அசையாமல் பிடித்துவைக்கும் பட்டைகளை அவிழ்க்கும் சத்தம், பெருமூச்சு. அப்புறம் திரைக்கு அடியில் ஒரு கால் வந்து திண்டின்மேல் படுக்கும். பாதத்தில் கம்பளிக் காலுறை, முழங்காலில் சுருட்டிவிட்ட உள்ளாடை, நடுவே நீலப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்க்காமல் இருக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதில் எனக்கு நல்ல பழக்கம். ஆனாலும் கையில் தெரியுமே. நல்ல தடித்த கால். டாக்டர் பயமுறுத்திய அளவுக்கு மோசமில்லை என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

“ஓடுதா?” என்று திரை கேட்கும்.

“ஓடுது அத்தா. பச்சை விளக்கு மினுக்குது.”

“ஒண்ணும் தெரியலையே. சூடு இல்ல, குத்தல் இல்ல. அந்தக் காலத்துல டிராக்டர் டிப்போ ஆஸ்பத்திரியில மெழுகை உருக்கி வெப்பாங்க பாரு, தோல் உரிஞ்சு வரும். அது வைத்தியம்.”

“இது அந்த மாதிரி இல்ல அத்தா. இது வந்து...”

“வந்து?”

சொல் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன். “வாய் பேசாத மெஷின் அத்தா.”

அந்தப் பக்கம் கட்டில் குலுங்கியது. “நீ சொல்ல வந்தது என்னன்னு எனக்குத் தெரியும்,” என்று சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, நல்லவேளை திரை இருந்தது.

அந்தத் திரை விசித்திரமான பொருள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், டீ வேண்டுமா, வேண்டாம், மாடு வந்ததா, வந்தது என்பதற்குமேல் நாங்கள் பேசியதில்லை. முகம் மறைந்ததும் பேச்சு வந்துவிட்டது. முதல் டிராக்டரைக் கால்வாயில் இறக்கிய கதையைச் சொன்னார். பள்ளியில் யார் யாரைக் கடித்தார்கள் என்று நான் சொன்னேன். கடித்தவன் யார் பேரன் என்று கேட்டுவிட்டு, “அவன் தாத்தனும் கடிப்பான்,” என்பார். நேரம் முடிந்து மெஷின் பீப் என்று கத்தும்போது சில நாள் இரண்டு பேருக்குமே பேச்சு பாதியில் நிற்கும்.

வசந்தத்தில் நவ்ரூஸ் புத்தாண்டு முடிந்து படம் எடுக்கப் போனோம். லிகாய் புதிய படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துணி துவைத்துக் காயப்போட்டதுபோல இரண்டும் ஒரே மாதிரி தொங்கின.

“தினமும் வெச்சீங்களா?”

“ஒரு நாள் விடல,” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. காய்ச்சலோடுகூட உட்கார்ந்திருக்கிறேன்.

“குறி வெச்ச இடத்துலயா?”

“குறி மேலயே.”

அவர் நம்பினார், அதுதான் கஷ்டமாக இருந்தது. “சில பேருக்குப் பலிக்கிறதில்ல,” என்றார். மாமனாரை உள்ளே அழைத்துப் பேனாவால் புதுக் குறி போட்டு அனுப்பினார். குறி அழிந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லிப் புண்ணுக்குத் தடவும் பச்சை மருந்தில் ஒரு குப்பியும் கொடுத்தார். “கோடை முடிவுல கடைசிப் படம். அதுக்கப்புறம் நான் காத்திருக்க மாட்டேன். அந்தக் கால்ல நடக்காம இருந்தா அவர் படுக்கையிலயே போயிடுவார்.”

திரும்பி வரும் வழியெல்லாம் என் மாமனார் வாயைத் திறக்கவில்லை. அவரை வெகுகாலமாகத் தெரிந்த டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, “உடம்புக்கு ஒண்ணுமில்லையே பெரியவரே?” என்று கேட்டார்.

அந்த வாரம் துணி துவைக்க உட்கார்ந்தேன். அவருடைய நீள உள்ளாடையைத் தண்ணீரில் முக்கும்போது, முழங்காலுக்குக் கீழே உட்புறத்தில் ஒரு பச்சைக் கறை. பச்சை மருந்து துணியில் பட்டால் துணி கிழியும்வரை போகாது. சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தபோது கை தானாக நின்றது. துணியைத் தூக்கி, இடுப்பு மேலே வரும்படி என்மேல் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் திருப்பி வைத்துப் பார்த்தேன்.

கறை இடது காலில் இருந்தது. வலது கால் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

குளிர்காலத்திலிருந்து நான் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தது உடையாத காலை. தடித்த கால் என்று சந்தோஷப்பட்டேனே, தடிக்காமல் என்ன செய்யும்? எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வாளியை உதைத்தேன், தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியது. கோபம் போன பிறகு பயம் வந்தது. கோடை முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது, மேசையும் அந்த மயக்க மருந்து டாக்டரின் தலையாட்டலும் கண்முன் வந்தன.

அன்று சாயங்காலம் வழக்கம்போல உட்கார்ந்தேன். வழக்கம்போல கால் வந்தது, அதில் பளபளவென்று பச்சைக் குறி. மெஷினை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

“ஓடுதா?” என்றார்.

“இல்ல அத்தா.”

“ஏன், சார்ஜ் இல்லையா?”

“இது இடது கால் அத்தா.”

கால் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் திரைக்கு உள்ளே போய்விட்டது.

“இடதா இருந்தா என்ன?” அவருடைய பழைய குரல் வந்துவிட்டது. “சத்தம்தானே அது? பக்கத்து வீட்டு ரேடியோ செவுத்தைத் தாண்டி என் கட்டிலுக்கு வருது. இந்தக் கால்ல இருந்து அந்தக் காலுக்கு ஒரு முழம் வராதா?”

“வராது அத்தா.”

“உனக்கென்ன தெரியும்? நீ பாலர் பள்ளிக்கூடத்து டீச்சர்.”

“எனக்குத் தெரியாது. லிகாய்க்குத் தெரியும். ரெண்டு விரல் தள்ளினாலே வீண்னாங்க. நீங்க காலையே மாத்திட்டீங்க.”

பிறகு வந்த குரலை அடுத்த தெரு நாய் கேட்டிருக்காது. “அந்தக் காலை நானே பாக்கறதில்லம்மா. கண்ணை மூடிக்கிட்டுத்தான் பட்டையைக் கட்டறேன். உன் கல்யாணத்தன்னிக்கு இந்த வாசல்ல குதிரை மேல ஒரு முழு ஆட்டைத் தூக்கிக்கிட்டு வந்தவன் நான். நீ பாத்தே. அந்த ஆளைப் பாத்த கண்ணால இதைப் பாக்க வேணாம்.”

“எனக்கு அந்தக் கால்தான் வேணும்.”

“முடியாது.”

“மேசையில படுக்க முடியுமா?”

“அது ஆண்டவன் பாடு.”

“அத்தா, காலை நீட்டுங்க.”

கோபம் வந்துவிட்டது அவருக்கு. “வெக்கம்னா என்னன்னு உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா என் பேரு உன் வாயில வந்திருக்கா? வராது. கழுத்துல கத்தி வெச்சாலும் வராது. அந்த மாதிரிதான் இதுவும். நீ என் பேரைச் சொல்லு, நான் காலைக் காட்டுறேன். போ.”

கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டதாக அவர் நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுந்து வெளியே போனேன்.

கொட்டிலில் மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதனிடம் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. மாடு என்னைப் பார்த்தது. கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. என் மாமியார் அதோ தூணுக்குப் பக்கத்தில் நிற்பதுபோலவே இருந்தது. “அத்தை, உங்க வீட்டுக்காரர் செத்துப்போயிடுவார். கோவிச்சுக்காதீங்க,” என்றேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் சொன்ன பிறகு கொஞ்சம் லேசானது.

திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தேன். என் அம்மா தைத்த கொடியையும் பூவையும் பார்த்தபடி, பல்லுக்கு நடுவே சொன்னேன்.

“தினிஷ்பாய்.”

“கேக்கல,” என்றார்.

“தினிஷ்பாய்,” என்றேன். இந்த முறை சுவருக்கும் கேட்டிருக்கும்.

பட்டைகளை அவிழ்க்கும் சத்தம். இதுவரை அது வெறும் நடிப்பு, இன்றுதான் நிஜம். நேரமாயிற்று. திரை அசைந்து, அடியில் ஒரு கால் வந்தது.

நான் பார்த்தேன். பார்க்கத்தானே கேட்டேன். பள்ளியில் தினமும் நான் காலுறை மாட்டிவிடும் பிள்ளைகளின் கால் அளவுக்கு இருந்தது. ரோமம் உதிர்ந்து, தோல் வெளுத்து, எலும்பு முன்னால் துருத்திக்கொண்டு. லிகாய் போட்ட குறி அதில் தனியாகக் கிடந்தது. குதிரைமேல் ஆட்டைத் தூக்கிவந்த மனிதரின் கால். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. மூக்கை உறிஞ்சினால் கேட்டுவிடுமே என்று வாயைத் திறந்துகொண்டு அழுதேன். பசை தடவி, மெஷினின் தலையை அந்தக் குறிமேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பச்சை விளக்கு மினுக்கியது.

அந்தப் பக்கமும் மூச்சு சரியாக இல்லை என்பது எனக்குக் கேட்டது. நான் கேட்காததுபோல இருந்தேன். அவரும் அப்படியே இருந்திருப்பார்.

“எங்க அம்மா போனப்புறம்,” என்று கடைசியில் சொன்னார், “இந்த வீட்டுல அந்தப் பேரை யாரும் கூப்பிட்டதில்ல. உன் அத்தை கடைசிவரைக்கும் ‘இங்க பாருங்க’தான். பசங்களுக்கு அப்பா, ஊருக்குப் பெரியவர். முக்காஷ் கூப்பிடறதை வெளியில சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி ஜன்னல்ல கத்துவாங்க, அது கணக்கில்ல... பேரு நல்லாத்தான் இருக்கு.”

மறுநாள் நான் உட்கார்ந்ததும் திரைக்கு அடியில் எதுவும் வரவில்லை.

“அத்தா, காலு.”

“விலை?” என்றது திரை.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நான் பெயரைச் சொல்லுவேன், கால் வரும். முக்காஷ் வந்திருக்கும் நாளில் மட்டும் இவர் கனைத்துவிட்டுச் சும்மாவே நீட்டிவிடுவார். நான் பயமில்லாமல் காலைப் பார்க்கப் பழகினேன், அவர் பார்க்கப்படப் பழகினார். ஒரு நாள், “சதை கொஞ்சம் வந்திருக்கா?” என்று கேட்டார். “வந்திருக்கு,” என்றேன். அப்போது வரவில்லை, பொய்தான். பின்னால் வந்தது.

கோடை முடிவில் லிகாய் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தொட்டுக் கூப்பிட்டார். முறிந்த இடத்தைச் சுற்றி, பாலில் ஊறிய பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை.

“பேச ஆரம்பிச்சிட்டாங்க,” என்றார்.

“மேசை?”

“வேண்டாம். தொடர்ந்து வைங்க. ஊன்றுகோலோட கொஞ்சம் கொஞ்சமா நடக்கட்டும்.” அவர் என்னையும் உள்ளே காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்த மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார். “மெஷின் செஞ்சதா, நாள் செஞ்சதா, என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. என்ன மாத்தினீங்க?”

“ஒண்ணும் மாத்தல,” என்று உள்ளேயிருந்து பெருங்குரல் வந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்ததால்தான்.

முதல் பனி விழும் முன்னே மெஷினைத் திருப்பிக் கொடுத்தோம். திரையைத் துவைத்து, மடித்து, பெட்டியில் வைத்தேன். விலை கேட்க ஆளில்லை, கொடுக்கவும் வேலையில்லை. வீடு பழையபடி ஆகிவிட்டது. டீ வேண்டுமா, வேண்டாம், மாடு வந்ததா, வந்தது. எலும்பு சேர்ந்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டே நான் இன்னொன்றுக்காக வருத்தப்பட்டேன், அதை யாரிடம் சொல்வது?

ஒரு நாள் சாயங்காலம் பால் டீ போட்டு, எண்ணெயில் பொரித்த பாவுர்சாக்கைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுக் கதவருகே வந்தேன். அவர் முற்றத்தின் அந்தக் கோடியில், வேலிக்குப் பக்கத்தில் கோலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். முதுகு என் பக்கம்.

“அத்தா, டீ.”

திரும்பவில்லை.

“அத்தா, டீ ஆறுது.”

காற்று இல்லை, நாய் குரைக்கவில்லை. காது நன்றாகக் கேட்கிற மனிதர்தான். வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோலைப் பிடித்த கை மட்டும் லேசாகத் தாளம் போட்டது.

தெருவை எட்டிப் பார்த்தேன். முக்காஷ் இல்லை, யாருமில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னேன்.

“தினிஷ்பாய்.”

“வர்றேன், வர்றேன். ஏன் கத்தற?” என்று திரும்பினார். கோலை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு நடந்து வந்தார்.